தோட்டப்புறத்திலிருந்து சிங்கப்பூர் வேலைக்கு, பிறகு பயண ஓய்வுக்கு: குளுவாங் வட்டாரத்தாருக்கான முழுமையான வழிகாட்டி

ஜோகூர் மாநிலத்தில் குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், பாலோ பக்கம் சிங்கப்பூரில் வேலை செய்பவரோ, செய்துவிட்டுத் திரும்பியவரோ இல்லாத தோட்டத்துக் குடும்பத்தைப் பார்ப்பது அரிது. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3 ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. அதனால் எப்படிப் போவது என்று எல்லோரும் கேட்கிறார்கள், எப்படித் திரும்புவது என்று கேட்பவர் குறைவு.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் மத்திய சேமநிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வேலை அனுமதியில் இருக்கும் மலேசியருக்கு அது கிடையாது. மலேசியாவில் உங்களுக்கு முதலாளி இல்லாததால் இங்குள்ள ஊழியர் சேமநிதியிலும், அதாவது இ.பி.எஃப்.பிலும், ஒரு காசு ஏறாது. இரண்டு நாடுகளுக்கும் நடுவே 20 ஆண்டுகள் உழைத்துவிட்டு, 55 வயதில் கணக்கைத் திறந்தால் தோட்டத்தை விட்டுப் போன நாளில் இருந்த தொகைதான் வட்டியோடு இருக்கும். ஓய்வுக் காலத்தில் ஊர் ஊராகப் போய் வர ஆசைப்படுபவர் அந்தப் பயணத்துக்கான வேலையை, முதல் சம்பளம் வாங்கிய மாதமே தொடங்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

முதல் வேலை: தாள்கள்

இருக்கிற வேலையை விடுவதற்கு முன் மூன்று மாத அவகாசம் எடுத்துக்கொண்டு தாள்களைச் சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடப்பிதழ், எஸ்பிஎம் சான்றிதழ், திறன் சான்றிதழ் ஐந்தையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் சிக்கல். அந்தக் காலத்தில் பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அப்பா பெயர் ஒரு தாளில் ஓர் எழுத்தோடும், இன்னொன்றில் இரண்டு எழுத்தோடும் இருக்கும். ஒரு தாளில் ‘அ/லெ’ (மகன்), ‘அ/பெ’ (மகள்) இருக்கும், மற்றதில் விடுபட்டிருக்கும்.

சிறு எழுத்து வேறுபாடு என்றால், சத்தியப் பிரமாண ஆணையரிடம் ‘இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கும்’ என்று ஓர் அறிக்கை எழுதி வாங்கினால் வேலை விண்ணப்பத்துக்குப் போதும். பிறப்புச் சான்றிதழிலேயே தவறு என்றால் தேசியப் பதிவுத் துறையில் திருத்த விண்ணப்பம் போட வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும், ஆனாலும் போட்டுவிடுங்கள். முப்பது ஆண்டுகள் கழித்து இந்தியாவின் ஓசிஐ அட்டைக்கு, அதாவது இந்திய வம்சாவளியினருக்கான வாழ்நாள் விசா அட்டைக்கு, விண்ணப்பிக்கும்போது இதே பெயர்ச்சங்கிலியைத்தான் கேட்பார்கள். அப்போது திருத்துவதற்கு அப்பா உயிரோடு இருக்க மாட்டார், தோட்ட ஆபீசும் இருக்காது.

அதே வாரத்தில் தாத்தா பாட்டியின் தாள்களையும் தேடி எடுங்கள். பழைய இந்தியக் கடப்பிதழ், நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமைச் சான்றிதழ், திருமணப் பதிவு என எது கிடைத்தாலும் தெளிவாக ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் வையுங்கள். தோட்டம் கைமாறும்போது ஆபீசில் இருந்த செக்ரோல் எனும் ஆள்பதிவுப் புத்தகங்கள் முதலில் குப்பைக்குப் போகும். தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு சில இடங்களில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

கடப்பிதழ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும், கட்டணம் 200 ரிங்கிட். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 100 ரிங்கிட். பல நாடுகள் இன்னும் 6 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும் என்று கேட்பதால் கையில் இருப்பது நாலரை ஆண்டு என்றே கணக்குப் போடுங்கள். பயணத் தடை ஏதும் இருக்கிறதா என்று குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். வருமான வரி பாக்கி, திவால் வழக்கு இரண்டும் அங்கே தெரிந்துவிடும். எல்லையில் நின்று தெரிந்துகொள்வதைவிட வீட்டில் தெரிந்துகொள்வது நல்லது.

எந்த அனுமதி, எந்தக் கடிதம்

சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கான அனுமதி மூன்று வகை. வொர்க் பெர்மிட்டுக்குக் குறைந்தபட்சச் சம்பள வரம்பு இல்லை. மலேசியர்களை எல்லாத் துறைகளிலும் எடுக்கலாம், அதனால் நம் வட்டாரத்தில் பெரும்பாலோர் போவது இதில்தான். எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பர் முதல் மாதம் 3,300 சிங்கப்பூர் வெள்ளியாவது சம்பளம் இருக்க வேண்டும். வயது ஏறினால் தொகையும் ஏறும். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரி முதல் 5,600 வெள்ளி, கூடவே கல்வி, சம்பளம், நிறுவனத்தின் நிலை முதலியவற்றுக்குப் புள்ளி போடும் முறையும் உண்டு. நிதித் துறையில் இந்த இரண்டு வரம்புகளும் இன்னும் கூடுதல்.

விண்ணப்பத்தை முதலாளியோ முகவரோதான் போட முடியும். ஒப்புதல் கிடைத்ததும் ‘கொள்கையளவிலான அனுமதிக் கடிதம்’ வரும், ஐபிஏ என்பார்கள். இந்தக் கடிதம் கையில் வராமல் இருக்கிற வேலையை விடாதீர்கள். வந்ததும் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் நீங்களே சரிபாருங்கள். அதில் எழுதியிருக்கும் நிலையான மாதச் சம்பளம், வாய்மொழியாகச் சொன்ன தொகையோடு ஒத்துப்போக வேண்டும். உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமலும் அமைச்சுக்குத் தெரிவிக்காமலும் முதலாளி அதைக் குறைக்க முடியாது.

முகவர் கட்டணத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டு ஒப்பந்தமானாலும் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். வெளிநாட்டுத் தொழிலாளர் லெவி எனும் அரசாங்கக் கட்டணம் முதலாளியின் செலவு, அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ‘வேலை தந்ததற்குக் காசு’ என்று முதலாளி கேட்டால் அது குற்றம். சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓவர்டைம். ஓவர்டைமுக்குச் சாதாரண மணிச் சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு, மாதத்துக்கு 72 மணி நேரம் வரை. சம்பளப் பாக்கி இருந்தால் வேலையை விட்ட 6 மாதத்துக்குள் முத்தரப்பு சச்சரவு நிர்வாகக் கூட்டணியில் புகார் கொடுக்க வேண்டும். ‘அடுத்த மாதம் தருகிறேன்’ என்று இழுத்தடித்து இந்த ஆறு மாதத்தைக் கடத்துவதுதான் வழக்கமான தந்திரம்.

சம்பளம் இவ்வளவு, டிக்கெட் இலவசம், சுற்றுலா விசாவில் வந்தால் போதும் என்று கம்போடியா, மியன்மார் பக்கம் கூப்பிடும் விளம்பரங்களுக்குப் போகவே போகாதீர்கள். மலேசிய இளைஞர்கள் பலர் அங்கே அடைத்து வைக்கப்பட்டு மீட்கப்பட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கச் சுற்றுலா அனுமதியில் போவதும் சட்டவிரோதம். பிடிபட்டால் பின்னாளில் வேறு நாட்டு விசாவுக்கும் அது தடையாக நிற்கும்.

ஜோகூர் பாருவில் தங்குவதா, அக்கரையில் தங்குவதா

குளுவாங்கிலிருந்து ஜோகூர் பாரு ஏறக்குறைய 110 கிலோமீட்டர். அங்கிருந்து தினமும் போய்வருவது நடக்காத காரியம். மாசாய், ஸ்கூடாய், தாமான் டாயா பக்கம் அறை எடுத்துத் தினமும் சிங்கப்பூர்ப் பாலம் கடப்பது ஒரு வழி, சிங்கப்பூரில் கட்டில் வாடகைக்கு எடுப்பது இன்னொரு வழி.

வாடகையை மட்டும் ஒப்பிட்டால் ஜோகூர் பாரு மலிவு. ஆனால் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காலை நாலரைக்கு எழுந்து, இரவு ஒன்பதுக்கு அறைக்கு வந்தால் ஓவர்டைமுக்கு உடம்பு ஒத்துழைக்காது, சாலையில் தூக்கம் அழுத்தும். பாலத்து மோட்டார் சைக்கிள் விபத்துகள் பலவற்றுக்கும் அந்தத் தூக்கமே காரணம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு என்றால் முதல் ஆண்டு சிங்கப்பூரிலேயே தங்குங்கள். முதலாளி தங்குமிடம் கொடுத்து அதற்குச் சம்பளத்தில் பிடித்தால், அந்தப் பிடித்தம் சம்பளத்தில் கால்பங்கைத் தாண்டக் கூடாது.

ஜோகூர் பாருவின் புக்கிட் சகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் வரை 4 கிலோமீட்டருக்கு ஆர்டிஎஸ் ரயில் கட்டப்படுகிறது. ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றும் திட்டம் அது. அது ஓடத் தொடங்கினால் மோட்டார் இல்லாமலே பாலம் கடக்கலாம் என்பதால், புதிதாக அறை தேடுபவர் புக்கிட் சகாருக்குப் பேருந்து போகும் இடமாகப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

மோட்டாரில் போவதென்றால் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வாகன அனுமதி, சிங்கப்பூரிலும் செல்லுபடியாகும் காப்புறுதி, செல்லுபடியாகும் ரோடு டாக்ஸ் மூன்றும் வேண்டும். வார நாட்களில் அதிகாலை 2 மணி முதல் மாலை 5 மணி வரை நுழைந்தால் மோட்டாருக்கு நாளொன்றுக்கு 4 வெள்ளி அனுமதிக் கட்டணம். ஆண்டுக்கு 10 இலவச நாட்கள் உண்டு. சிங்கப்பூரில் வீடெடுத்துத் தங்கிவிட்டால் மலேசிய வண்டியை அங்கே ஓட்ட முடியாது.

வரி: 183 நாள் கணக்கு

ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாளோ அதற்கு மேலோ சிங்கப்பூரில் வேலை செய்தால் நீங்கள் வரி நோக்கில் உள்நாட்டுவாசி. முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை, அடுத்த 10,000க்கு 2 விழுக்காடு. மாதம் 2,200 வெள்ளி சம்பளம் என்றால் ஆண்டுக்கு 26,400. உழைப்பு வருமானக் கழிவு 1,000 போனால் வரி வரும் தொகை 5,400, கட்ட வேண்டியது 108 வெள்ளி.

அதே ஆள் ஆகஸ்டில் சேர்ந்து டிசம்பரில் வேலையை விட்டால் ஐந்து மாதச் சம்பளம் 11,000 வெள்ளி. 183 நாள் ஆகாததால் வெளிநாட்டுவாசிக்கான 15 விழுக்காடு விழும்: 1,650 வெள்ளி. சம்பளம் குறைவு, வரியோ பதினைந்து மடங்கு. வேலையை ஆண்டு மாற்றத்தைத் தாண்டித் தொடர்ந்து, மொத்தம் 183 நாள் வந்துவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்கும் உள்நாட்டுவாசி விகிதமே கிடைக்கும். பிடிக்காத வேலையைக்கூட விடும் தேதியை இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

மலேசியப் பக்கம், வெளிநாட்டில் சம்பாதித்து இங்கே கொண்டுவரும் தனிநபர் வருமானத்துக்கான வரிவிலக்கு 2036 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சம்பாதித்த நாட்டில் வரிக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எனவே சிங்கப்பூர் வருமான வரி ஆணையம் ஆண்டுதோறும் அனுப்பும் வரிக் கணிப்பு அறிவிப்பை ஒன்றுகூட விடாமல் சேமியுங்கள். வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கியும் அதைத்தான் முதலில் கேட்கும்.

சேமநிதி: இதை விட்டால் மற்றதெல்லாம் வீண்

மலேசியாவில் 5,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி 13 விழுக்காடும் அவர் 11 விழுக்காடும் ஆக மாதம் 24 விழுக்காடு இ.பி.எஃப்.புக்குப் போகிறது. 3,000 ரிங்கிட் சம்பளக்காரருக்கு மாதம் 720 ரிங்கிட் அவரைக் கேட்காமலேயே சேர்கிறது. சிங்கப்பூரில் 2,200 வெள்ளி வாங்குபவருக்கு, வெள்ளிக்கு 3.10 என்று வைத்தால், 6,820 ரிங்கிட் கைக்கு வருகிறது, சேருவது பூஜ்யம். கையில் வருவது பெரிதாகத் தெரிவதால்தான் இந்த ஓட்டை கண்ணில் படுவதில்லை.

அடைக்கும் வழி எளிது. இ.பி.எஃப்.பில் சுயவிருப்பச் சந்தா ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை கட்டலாம். ஐ-அக்கவுன் செயலியில் மலேசிய வங்கிக் கணக்கு வழியாகக் கட்டிவிடலாம். மாதம் 500 வெள்ளி ஒதுக்கினால் 1,550 ரிங்கிட், ஆண்டுக்கு 18,600. ஆண்டுக்கு 5 விழுக்காடு லாப ஈவு என்று அடக்கமாகவே வைப்போம். 2024ஆம் ஆண்டுக்கு இ.பி.எஃப். அறிவித்தது 6.30 விழுக்காடு. இந்தக் கணக்கில் 20 ஆண்டுகளில் ஏறக்குறைய 615,000 ரிங்கிட் சேரும். பத்து ஆண்டு கழித்துத் தொடங்குபவருக்குச் சேர்வது 234,000தான். கட்டிய தொகை பாதி, கிடைப்பது பாதிக்கும் வெகு கீழே. 615,000க்கு ஆண்டு லாப ஈவு மட்டும் 30,750, மாதத்துக்கு 2,560 ரிங்கிட். முதலைத் தொடாமலே பயணம் போகும் வாழ்க்கை இந்த எண்ணில்தான் இருக்கிறது.

எப்படிக் கட்டுவது என்பதில் ஒழுங்கு வேண்டும். சம்பளம் ஏறிய மறுநாளே, வீட்டுக்கு அனுப்புவதற்கும் முன், இந்தத் தொகை போய்விட வேண்டும். மாதக் கடைசியில் மிச்சமிருப்பதைக் கட்டலாம் என்றால் தீபாவளி வரும், தைப்பூசம் வரும், தங்கை கல்யாணம் வரும். இவை எல்லாம் தேவையான செலவுகள்தான், அதனால்தான் சேமநிதி அவற்றுக்கு முந்த வேண்டும்.

2024 மே 11 முதல், 55 வயதுக்குட்பட்டோர் கட்டும் தொகை மூன்றாகப் பிரிகிறது: ஓய்வுக் கணக்குக்கு 75, செஜாத்தெரா (நல்வாழ்வு) கணக்குக்கு 15, ஃபிளெக்சிபல் (நெகிழ்வு) கணக்குக்கு 10 விழுக்காடு. கடைசிக் கணக்கில் எப்போது வேண்டுமானாலும் கை வைக்கலாம் என்பதால் அதை அவசரத்துக்கு மட்டும் என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். ஊரில் மனைவி தையல், பலகாரம் என்று சொந்தத் தொழில் செய்தால் அவர் பெயரில் இ.பி.எஃப்.பின் ஐ-சாராஆன் திட்டத்தில் சேருங்கள். கட்டும் தொகையில் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, அரசாங்கம் சேர்க்கிறது. முழுச் சலுகைக்கு ஆண்டுக்கு 2,500 கட்டினால் போதும்.

இதற்கெல்லாம் மலேசிய வங்கிக் கணக்கும் மலேசியத் தொலைபேசி எண்ணும் உயிரோடு இருக்க வேண்டும். சிங்கப்பூர் எண் வாங்கியதும் பழைய எண்ணுக்கு டாப்-அப் போடாமல் விட்டு, எண் இன்னொருவருக்குப் போய், வங்கிச் செயலியும் ஐ-அக்கவுனும் பூட்டிக்கொண்டு தவிப்பவர்கள் நிறைய. மாதக் கட்டணம் குறைந்த திட்டத்துக்கு மாற்றி அந்த எண்ணை வைத்திருங்கள். வாரிசு நியமனத்தையும் திருமணம், குழந்தை என்று குடும்பம் மாறும்போதெல்லாம் புதுப்பியுங்கள்.

வீடு, காப்புறுதி, நிரந்தரவாசம்

தோட்ட வீடு கம்பெனி வீடு. அப்பா அம்மா ஓய்வு பெற்றதும் காலி செய்யச் சொல்வார்கள். ஆகவே வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வாங்கும் முதல் வீடு அவர்கள் வாழக்கூடிய ஊரில், குளுவாங்கிலோ சிம்பாங் ரெங்கத்திலோ, இருக்கட்டும். ஜோகூர் பாருவில் அடுக்குமாடி வாங்கி வாடகைக்கு விடும் யோசனை இரண்டாவதுதான். வங்கிகள் முதல் இரண்டு வீடுகளுக்குப் பொதுவாக 90 விழுக்காடு வரை கடன் தரும், அதிகபட்சம் 35 ஆண்டு. சிங்கப்பூர் வருமானத்தைச் சில வங்கிகள் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை, நாலு இடத்தில் கேளுங்கள். தவணை உங்கள் 55 வயதுக்குள் முடியும்படி அமைத்தால்தான் பின்னால் பயணத்துக்குக் கை நீளும்.

வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஊழியர்களுக்கு முதலாளி ஆண்டுக்கு 60,000 வெள்ளி வரையான மருத்துவக் காப்புறுதி எடுத்தாக வேண்டும். வேலையிடக் காயத்துக்குத் தனி இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது, ஓராண்டுக்குள் கோர வேண்டும். ஆனால் நீங்கள் சொந்த மோட்டாரில் வேலைக்குப் போகும் வழியில் விழுந்தால் அந்தச் சட்டம் உதவாது. மலேசியாவில் சொந்தமாக மருத்துவ அட்டையும் விபத்துக் காப்புறுதியும் எடுங்கள். மோட்டார் விபத்தை ஒதுக்கும் பாலிசிகள் உண்டு என்பதால் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். இளமையில் எடுத்தால்தான் கிடைக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் வந்தபின் பல நிறுவனங்கள் கதவைச் சாத்திவிடும்.

நிரந்தரவாசம் கிடைத்தால் மத்திய சேமநிதி வரும், அது பெரிய நன்மை. இரண்டு விஷயங்களை யோசித்துவிட்டுப் போங்கள். பெற்றோரோடு நிரந்தரவாசம் பெறும் ஆண் பிள்ளைக்குச் சிங்கப்பூர் தேசிய சேவைக் கடமை உண்டு. பிறகு, நிரந்தரவாசத்தைக் கைவிட்டுத் தீபகற்ப மலேசியாவுக்குத் திரும்புபவர் சேமநிதியை எடுக்க மற்ற நாட்டவரைவிடக் கடுமையான விதிகள் இருக்கின்றன. நாற்பது வயதில் மொத்தமாக எடுத்துக்கொண்டு வந்து கடை வைக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

வேலையை முடித்துக் கிளம்பும்போது

வெளிநாட்டு ஊழியர் வேலையை விடும்போது முதலாளி ஒரு மாதத்துக்கு முன்பே வருமான வரி ஆணையத்துக்கு ஐஆர்21 படிவம் அனுப்பி, உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை வரி தீரும் வரை நிறுத்தி வைப்பார். இது சட்டம், ஏமாற்று வேலை அல்ல. ஆனால் கடைசி மாதச் சம்பளம் கைக்கு வரத் தாமதமாகும் என்பதால் இரண்டு மாதச் செலவுக்குத் தனியாக வைத்திருங்கள். சிங்கப்பூர் வங்கிக் கணக்கை வரி முடிந்து பணம் ஏறிய பிறகே மூடுங்கள். பல் சிகிச்சை, எக்ஸ்ரே என்று முதலாளியின் காப்புறுதியில் செய்யக்கூடியவற்றை அனுமதி ரத்தாவதற்கு முன் முடித்து, மருத்துவ அறிக்கைகளின் நகலை வாங்கி வாருங்கள்.

55க்குப் பிறகு: பணத்தை எடுக்கும் விதம்

55 வயதில் இ.பி.எஃப். முழுவதையும் எடுக்கலாம் என்பதால் முழுவதையும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். உள்ளே இருக்கும் வரை லாப ஈவு 100 வயது வரை தொடரும், வேண்டிய தொகையை மட்டும் மாதாமாதம் எடுத்துக்கொள்ளலாம். 55க்குப் பிறகும் வேலை செய்து கட்டும் சந்தா அக்கவுன் எமாஸ் என்ற தனிக் கணக்குக்குப் போய் 60 வயது வரை பூட்டியிருக்கும். 55க்கும் 60க்கும் இடையே பயணம் போக நினைப்பவர் அந்தப் பணத்தை நம்பி டிக்கெட் போடக் கூடாது.

பயணச் செலவை ஆண்டுத் தொகையாகப் பாருங்கள், மாதக் கணக்கு சரிவராது. விமான டிக்கெட், காப்புறுதி, மருந்து எல்லாம் கிளம்பும் மாதத்திலேயே விழும். முதல் ஆண்டு ஒரே ஓர் ஊரில் ஒரு மாதம் தங்கிப் பார்ப்பது நல்லது. திருச்சியோ சியாங் மாயோ, சமையல் வசதியுள்ள அறை எடுத்துத் தங்கினால் உங்கள் உண்மையான தினச்செலவு தெரிந்துவிடும். அதை வைத்து மீதி ஊர்களைத் திட்டமிடலாம்.

வெளிநாட்டில் அட்டையைத் தேய்க்கும்போது ‘ரிங்கிட்டில் கட்டவா, உள்ளூர் நாணயத்திலா’ என்று இயந்திரம் கேட்கும். உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தெடுங்கள். ரிங்கிட்டைத் தொட்டால் நாணய மாற்று விகிதத்தைக் கடைக்கார வங்கி வைக்கும், அது எப்போதும் உங்களுக்கு நட்டம்.

எல்லைகளும் நாட்களும்

மலேசியக் கடப்பிதழோடு ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விசா இல்லாமல் போகலாம், எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மிகக் கூடாது. வந்த நாளும் கிளம்பும் நாளும் இரண்டுமே கணக்கில் சேரும். பிரான்சில் 60 நாள், இத்தாலியில் 40 நாள் என்றால் நூறாகிவிட்டது, நாடு மாறினாலும் எண்ணிக்கை மாறாது. 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதில் முகமும் விரல்ரேகையும் பதியும் மின்னணு முறை தொடங்கியிருப்பதால் ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும். பிரிட்டனுக்கு 2025 ஜனவரி 8 முதல் மலேசியர்களும் மின்னணுப் பயண அனுமதி வாங்க வேண்டும். தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் இணைய வருகை அட்டை, அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் போலி.

இந்தியாவுக்கு அடிக்கடி போகிறவர்கள் ஓசிஐ அட்டைக்கு முயலலாம். இது குடியுரிமை அல்ல, மலேசியக் கடப்பிதழைக் கைவிட வேண்டியதில்லை. வாழ்நாள் விசா, எவ்வளவு காலம் தங்கினாலும் வெளிநாட்டவர் பதிவு தேவையில்லை. ஓட்டுரிமை கிடையாது, விவசாய நிலமும் தோட்டமும் வாங்க முடியாது. தாத்தா ஊரில் வயல் வாங்கும் ஆசை இருந்தால் அதை விட்டுவிடுங்கள். தாத்தா பெயர், அப்பா பெயர், உங்கள் பெயர் என ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் சான்றிதழ்கள் வேண்டும். எந்தத் தாளை ஏற்பது என்பது தூதரகத்தின் முடிவு, எனவே அசல்கள் அனைத்தையும் எடுத்துப் போங்கள். 50 வயதுக்கு மேல் கடப்பிதழைப் புதுப்பித்தால் புது அட்டை வேண்டாம், புதிய கடப்பிதழின் பக்கத்தையும் புகைப்படத்தையும் இணையத்தில் ஒருமுறை ஏற்றினால் போதும்.

மருந்தும் வீடும்

அரசாங்கக் கிளினிக்கில் மருந்து வாங்குபவர், நீண்ட பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் தேதிகளைச் சொல்லி, எவ்வளவு மருந்து முன்கூட்டித் தர முடியும் என்று கேளுங்கள். மருந்தின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மூலப்பெயரும் அளவும் எழுதிய கடிதம் இருந்தால் எந்த ஊர் மருந்துக்கடையிலும் வாங்கலாம், சுங்கத்தில் கேட்டாலும் காட்டலாம். மருந்தைக் கைப்பையில் வையுங்கள். இன்சுலினை விமானத்தின் சரக்குப் பகுதியில் போட்டால் உறைந்து கெட்டுப்போகலாம்.

ஆண்டுப் பயணக் காப்புறுதி ‘ஆண்டு முழுக்க’ என்று சொன்னாலும் ஒரு பயணத்துக்கு இத்தனை நாள் என்ற எல்லை உள்ளே இருக்கும், பெரும்பாலும் 90 நாள் அளவில். வயது உச்சவரம்பும் பாலிசிக்குப் பாலிசி வேறுபடும். இருக்கிற நோயை மறைத்து எடுத்தால் மருத்துவமனையில் படுத்திருக்கும் நாளில் நிறுவனம் கைவிரித்துவிடும், அப்போது வாதாட முடியாது.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயை மூடுங்கள், எரிவாயுக் கலனின் வாயை மூடுங்கள், குளிர்பெட்டி தவிர மற்ற மின்சுவிட்சுகளை அணையுங்கள். மின்சாரம், மதிப்பீட்டு வரி, நில வரி மூன்றும் தானாகக் கழியும்படி செய்து, அந்தக் கணக்கில் ஆறு மாதத்துக்கான தொகையை விட்டுச் செல்லுங்கள். மழைக்காலத்தில் குளுவாங்கில் வெள்ளம் ஏறும் இடங்களில் இருப்பவர்கள் நவம்பர் முதல் ஜனவரி வரை சாவியை நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம் கொடுத்து, பத்திரம், சான்றிதழ் எல்லாவற்றையும் நீர் புகாத பையில் போட்டு மேல் அலமாரியில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.